நம்பர் வந்திருக்கும், சொல்லு

காலையில் உடம்பு பாதிதான் எழுந்தது. இடது தோள் பாயிலேயே கிடந்தது.

வானமாமலை இடது கைக்காரன். சாப்பாடு தவிர எல்லாம் அந்தக் கைதான். மூட்டையும் அந்தத் தோள்தான். நேற்று டெம்போவில் ஏற்றிய பிளாஸ்டிக் தூள் மூட்டை ஒவ்வொன்றும் ஒரு வளர்ந்த ஆள் கனம். ஐம்பதைத் தாண்டியவன் அதைச் சுமந்தால் மறுநாள் தோள் இப்படித்தான் பழி வாங்கும். வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொடுக்கினான்.

“தைலம் தேச்சு விடட்டா?” என்று அடுப்படியிலிருந்து சொர்ணம்மாள் கேட்டாள். அடுப்படி என்பது பாயிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம்.

“வேண்டாம். சேட்டுட்ட லீவு சொல்லிட்டேன். மாட்டுங்கா வரைக்கும் போய் அந்த டப்பாவக் கொடுத்துட்டு வாரேன்.”

கொதிக்கிற டீயில் சுற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

“மாரிதான் கொடுத்துக்கிடுதேன்னு சொன்னாவல்ல?”

“அவன் நாலு நாளா போனே எடுக்க மாட்டேங்கான். கம்பெனிலேருந்து மெசேஜ் மேல மெசேஜ் வருது. டப்பாவத் திருப்பிக் கொடுக்கலன்னா அதுக்கும் துட்டு கேப்பான்.”

“இன்னும் ரெண்டு நாள் பாருங்களேன்.”

“என்னத்தப் பாக்க?”

கரண்டி மறுபடி சுற்றத் தொடங்கியது. நின்ற கரண்டியைப் பற்றி அவன் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. சாயங்காலம்தான் நினைத்தான்.

டப்பா என்று அவர்கள் சொன்னது பழைய இன்டர்நெட் பெட்டியை. போன வாரம் வரை அது சுவரில் பச்சை விளக்கு எரிந்தபடி இருந்தது. இழுத்து மாட்டியவன் மாரிக்கண்ணன், வானமாமலையின் தம்பி. அப்போது அவன் அந்தக் கம்பெனியில் லைன்மேன். ஆனால் லைன் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். மகள் சாதனாவுக்குத் தாணேயில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை. இன்னொரு தடவை லைன் அறுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்து மாரிக்கண்ணன் வந்து நின்றான், புதுக் கம்பெனியின் ஆரஞ்சு டீ-ஷர்ட்டோடு.

“அண்ணே, நான் கம்பெனி மாறிட்டேன். இந்தச் சவத்தக் கழத்திப் போட்டுட்டு எங்க லைன இழுத்துருவோம். பாப்பா வேலைதான் முக்கியம்.”

“பழசு ரெண்டு வருச காண்ட்ராக்ட்டுன்னு சொன்னியேலே?”

“அத நான் பாத்துக்கிடுதேன். நீ நம்பர மட்டும் சொல்லு.”

போனுக்கு வருகிற ஓ.டி.பி. நம்பரைச் சொல்வது அண்ணன் தம்பிக்குள் வெகுநாள் பழக்கம். மாரி போன் அடிப்பான். “அண்ணே, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு.” தோளில் மூட்டை இருந்தால் இறக்கி வைத்து, கையைப் பனியனில் துடைத்து, போனைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துக்கொண்டு வானமாமலை ஒவ்வொரு எண்ணாக வாசிப்பான். எதற்கு என்று கேட்டதே இல்லை. தாயும் தகப்பனும் போன பிறகு, மூக்கொழுக நின்ற பயலை ரயிலில் மடியில் உட்கார்த்தி வைத்துத் தாராவிக்குக் கொண்டுவந்தவன் அவன். எதற்கு என்று கேட்டால் அவனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா?

மேலே இருந்து இரும்பு ஏணி வழியாகச் சாதனா இறங்கினாள். வீட்டின் மேல் தட்டு, மாலா என்பார்கள், அதுதான் அவளுக்கு ஆஃபீஸ். காதில் ஹெட்போன் தொங்கியது.

“அப்பா, நானும் வரட்டா? அங்க எல்லாம் ஃபாஸ்ட்டா ஹிந்தில பேசுவாங்க. உனக்குப் புரியாது.”

“முப்பது வருசமா இந்தில ஏச்சு வாங்குதேன். ஒரு ரசீது வாங்கத் தெரியாதா?”

சாதனா சிரித்துக்கொண்டே மறுபடி ஏணியில் ஏறினாள். இரண்டு நிமிஷத்தில் மேலே இருந்து அவளுடைய வேலைக் குரல் கேட்டது. வீட்டில் அவள் பேசாத பதவிசான இந்தியில், யாரோ முகம் தெரியாத ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தால், பக்கத்து வாசலில் ஹபீபா. ஒரு கையில் சரிகை வேலை செய்த குர்தா, மறு கையில் போன். வாசல் வெளிச்சத்தில் குர்தாவைத் திருப்பித் திருப்பிப் போனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். போனுக்குள் ஷார்ஜா கடைக்காரன். அவன் பார்த்துச் சரி என்றால்தான் துணி போகும், துணி போனால்தான் அடுப்பு எரியும். புருஷன் ஜெயினுலாப்தீன் சர்க்கரை வியாதியில் காலை எடுத்துவிட்டு உட்கார்ந்த பிறகு அந்த வீடு ஓடுவது அவள் ஊசியில்தான்.

போனைக் கையால் மூடிக்கொண்டு, “என்ன அண்ணாச்சி, வேலைக்குப் போகல?” என்றாள்.

“தோளு மக்கர் பண்ணுது.”

“மதினியத் தூக்கச் சொல்லுங்க ஒருநாள்.”

“அவ என்னையே தூக்கிப் போட்டுருவா.”

சிரித்துக்கொண்டே நடந்தான். அந்த நாளில் அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

* * *

மாட்டுங்கா ஆபீஸ் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏ.சி. காற்று தோளில் பட்டதும் வலி எலும்புக்குள் இறங்கியது. கவுண்டரில் ஒரு மராத்திப் பெண். பிளாஸ்டிக் பையிலிருந்து டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான். வயரைக் கூடச் சுருட்டி நூல் போட்டுக் கட்டியிருந்தான்.

“பந்த் பண்ணணும், லைன நிறுத்தணும்” என்றான்.

“மொபைல் நம்பர், காகா?” மராத்தியில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சொன்னான். அவள் தட்டினாள். பிறகு கணினியைப் பார்த்தபடியே மழை மாதிரிப் பேசினாள். காண்ட்ராக்ட், இடையில், சார்ஜ், அக்கவுண்ட், எல்லாம் சேர்த்து... அவன் சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தான். போன் கிணுங்கியது.

“ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.”

இது அவனுக்குத் தெரிந்த வேலை. கண்ணாடியை மாட்டினான். போனை எட்டப் பிடித்தான். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, தெளிவாக வாசித்தான்.

அவள் தட்டி முடித்தாள். “ஆச்சு. மூணு லைனும் பந்த்.”

“மூணா?”

“மூணும்தானே? கேட்டேனே, மொத்த அக்கவுண்ட்டையும் மூடணுமான்னு. அப்புறம்தானே நம்பர் சொன்னீங்க?”

“எனக்கு இருக்கதே ஒரு வீடும்மா. மூணு லைன் எங்கேருந்து வரும்?”

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவனுடைய ஆதார் போட்டோ. போலீஸ் பிடித்து வைத்தவன் மாதிரி விழித்துக்கொண்டு அவனே இருந்தான். கீழே மூன்று விலாசம். ஒன்று அவன் வீடு. அடுத்தது அதே சந்தில் அடுத்த ரூம் நம்பர், ஹபீபா வீடு. மூன்றாவது விக்ரோலி. விக்ரோலி விலாசத்தை அவள் முழுசாக வாசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணமானதும் மாரி தனிக்குடித்தனம் போன ரூம் அது. பால் காய்ச்சியபோது பாத்திரம் வாங்கிக் கொடுத்தவனே வானமாமலைதான்.

“ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்ல டப்பா இலவசம். நடுவுல விட்டா லைனுக்கு இவ்வளவுன்னு கட்டணும். மூணு லைனுக்கும் சேர்த்து...” கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினாள். பதினாறாயிரத்துச் சொச்சம். “அதோட மத்த ரெண்டு டப்பாவும் திரும்ப வரணும்.”

“இது நான் போட்டது இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவள் கெட்ட பெண் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டுதான் சொன்னாள். “காகா, ஒவ்வொரு தடவையும் நம்பர் உங்க போனுக்குத்தான் வந்திருக்கு. நீங்க சொல்லாம லைன் ஏறாது. இப்பச் சொன்னீங்களே, அந்த மாதிரித்தான் அப்பவும் சொல்லியிருப்பீங்க.”

வானமாமலை கண்ணாடியைக் கழற்றினான். முதுகில் மூட்டையோடு நிற்கும்போது யாரோ பின்னால் நின்று இன்னொரு மூட்டையை ஏற்றின மாதிரி இருந்தது. ஏற்றினவன் யாரென்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

“அந்த ரெண்டாவது லைன மட்டும் திரும்பப் போட்டுக் கொடும்மா. அது பக்கத்து வீடு. அவ பொழப்பு அதுல கெடக்கு.”

“முதல்ல பாக்கி முழுசும் கட்டணும். பிறகு புது கனெக்ஷன். திரும்ப ரெண்டு வருஷம்.”

கட்டி எடுத்துப் போயிருந்த டப்பாவுக்கு மட்டும் ஒரு ரசீது கொடுத்தாள். அதை மடித்துப் பையில் வைக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.

* * *

தொண்ணூறடி ரோட்டில் வந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. மாரி. நாலு நாளாக எடுக்காத மாரி, தானாகவே அடித்தான்.

“அண்ணே, நம்ம வீட்டு லைன் போயிட்டு. உன் போனுக்கு ஏதும் மெசேஜ் வந்துச்சா?”

வானமாமலை நின்ற இடத்திலேயே நின்றான். பின்னால் வந்த கைவண்டிக்காரன் ‘பாஜு, பாஜு’ என்று ஒதுங்கச் சொல்லிக் கத்திவிட்டு உரசிக்கொண்டு போனான்.

“எந்த வீட்டு லைன்லே?”

அந்தப் பக்கம் மாரி தொண்டையைக் கனைத்தான்.

“எந்த வீட்டு லைன் போனா என் போனுக்கு மெசேஜ் வரும்?”

“அண்ணே... நீ ஆபீஸ் போனியா?”

“வீட்டுக்கு வா.”

சந்துக்குள் நுழைந்தால் ஹபீபா வாசலிலேயே நின்றாள். குர்தா தோளில் கிடந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் சந்துக்குமாக நடந்தாள்.

“அண்ணாச்சி, ஒங்க வீட்டுல நெட்டு இருக்கா? அவன் பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிட்டு. மாரிக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கான்.”

“ஒனக்கு லைன் மாரிதான் போட்டானா?”

“வேற யாரு? இங்க கரண்ட் மீட்டர் ரூம்காரன் பேர்ல கெடக்கு. எம்பேர்ல லைன் கெடைக்காதுன்னுட்டாங்க. அண்ணன் பேர்ல போட்டுத்தாரேன், வருசத்துக்கு மொத்தமாக் கொடுத்தா கொறச்சுத் தருவான்னு மாரி சொன்னான். ஒங்களுக்குத் தெரியும்தான?”

தெரியும் என்று சொல்லவும் முடியவில்லை, தெரியாது என்று சொல்லவும் முடியவில்லை.

“ஒங்க பேருன்னு சொன்னதாலதான் அண்ணாச்சி கொடுத்தேன். இந்த மனுசனோட ஆஸ்பத்திரிக்கு எடுத்து வச்சது. அஞ்சு மாசம் ஓடிருக்கு. இன்னும் ஏழு மாசம் கெடக்குல்ல?”

“பாக்கேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தான். என் கையால்தான் நிறுத்தினேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குப் பதில், இன்னும் இரண்டு டெம்போ ஏற்றிவிடலாம்.

சந்தில் அவனுக்கு நிலமில்லை, கடையில்லை, சங்கத்தில் பதவியில்லை. வானமாமலை பேர் சொன்னால் நம்பிக் கொடுக்கலாம் என்பது மட்டும்தான் இருந்தது. அதைத்தான் தம்பி எடுத்து விற்றிருந்தான்.

* * *

மாரிக்கண்ணன் பைக்கை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். ஆரஞ்சு டீ-ஷர்ட், கழுத்தில் புதுக் கம்பெனி அட்டை. உள்ளே வந்ததும் கதவைத் தானே சாத்தினான்.

மேலே சாதனா போனில் இருந்தாள். அவள் லைனில் இருக்கும்போது வீட்டில் பாத்திரம் கூட விழக்கூடாது. கீழே கத்தினால் எங்கோ நாசிக்கில் இருக்கிற வாடிக்கையாளருக்குக் கேட்கும். அதனால் அந்த வீட்டின் மிகப் பெரிய சண்டை கிசுகிசுப்பாகவே நடந்தது.

“ஏன்லே?”

“அண்ணே, மொதல்ல உக்காரு.”

“என் வீட்டுல நான் நிக்கேன். நீ சொல்லு.”

“எல்லா லைன்மேனும் இப்படித்தாண்ணே போடுதான். மாசம் இத்தன லைன்னு தலையில கட்டுதாவ. போடலன்னா சம்பளத்துல பிடிப்பான்.”

“அதுக்கு என் பேரா?”

“வேற எவன் பேர்ல போட? எவன் எனக்கு எதுக்குன்னு கேக்காம நம்பர் சொல்லுவான்?”

மாரி அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அதுதான் அதிகமாகக் குத்தியது.

“உன் வீட்டு லைனுமாலே? உனக்குப் பேர் வைக்கலையா நாங்க?”

“எம்பேர்ல ரெண்டு பில்லு கட்டாம நிக்கி. கம்பெனி எம்பேர எடுக்க மாட்டேங்கு.”

“பழசை நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னியே. எங்கன பாத்த?”

“கட்டிரலாம்னுதான் இருந்தேன்.”

“எப்பம்? நான் செத்தப்புறமா? எங்களப் புது லைனுக்கு மாத்திவிட்டதுக்கு ஒனக்கு எம்புட்டுக் கொடுத்தான்?”

மாரி கழுத்து அட்டையைத் திருப்பிக்கொண்டான்.

மேலே சாதனா, ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், சார்’ என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு லைன் அற்புதமாக வேலை செய்தது. ஒரு வார்த்தை கூட அறுபடவில்லை.

“நீ எதுக்கு ஆபீஸ் போன?” மாரிக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. “போகாம இருந்தா இன்னும் ஒரு மாசம், ரெண்டு மாசம் ஓடிருக்கும். அதுக்குள்ள நான் ஏதாச்சும் பண்ணிருப்பேன். ஹபீபாக்கா லைன வெட்டுனது நானா, நீயா?”

வானமாமலையின் கை ஓங்கியது. பழக்கத்தில் இடது கை. நெஞ்சு உயரத்துக்கு வந்து அதற்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்றது. வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாரி பின்னால் போகவில்லை. முன்னால் வந்து அந்தக் கையைப் பிடித்தான். முழங்கைக்குக் கீழே தாங்கி மெதுவாக இறக்கினான்.

“தோளு இன்னும் இப்படியேவா இருக்கு? தைலம் போட்டியாண்ணே?”

அடித்திருந்தால் கூட ஆறியிருக்கும். வானமாமலை கையை உருவிக்கொண்டான்.

“தொடாத. நம்பர் சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சவன்லே நான். நீ பள்ளிக்கூடத்துல சேரும்போது கார்டியன்னு என் பேரத்தான் எழுதுனாவ. அந்தப் பேரு. அத எடுத்துட்டுப் போய் ஒரு காலில்லாதவன் ஆஸ்பத்திரி துட்ட வாங்கியிருக்க.”

“நான் மட்டுமா தின்னேன்?”

“மாரி, வாய மூடு.”

சொன்னது சொர்ணம்மாள். இவ்வளவு நேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்திருந்தாள்.

மாரி மூடவில்லை. “மேல உக்காந்து பாப்பா வேல பாக்காளே, அந்த லேப்டாப்பு. அது எங்கேருந்து வந்துச்சுன்னு மதினிட்டக் கேளு. நான் மட்டுந்தான் கள்ளன் இல்ல.”

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். சந்தில் அவன் வேகமாக நடக்கிற சத்தமும், ஹபீபா “மாரி, ஏ மாரி” என்று கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. பிறகு பைக் கிளம்பியது.

வானமாமலை பெண்டாட்டியைப் பார்த்தான்.

“சீட்டு எடுத்து வாங்கினேன்னு சொன்ன.”

“எடுத்தது பாதிக்குத்தான் வந்துச்சு” என்றாள் சொர்ணம்மாள். “லேப்டாப் இல்லன்னா வேல இல்லன்னுட்டான். மாரிட்டக் கேட்டேன். கொடுத்தாவ. ஏதுன்னு கேட்டேன். அண்ணன் பேர்ல ஒரு லைன் போட்டிருக்கேன், ஒங்க வாயோட இருக்கட்டும்னாவ. ஒங்ககிட்டச் சொன்னா, நீங்க அன்னைக்கே லேப்டாப்பக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துருப்பீய. எம்புள்ள பழையபடி ஊறுகா கம்பெனில பாட்டிலு கழுவப் போயிருப்பா.”

“ஹபீபா துட்டுன்னு தெரியுமா?”

சொர்ணம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

“ஒங்கிட்டத்தான் கேக்கேன். அவ துட்டுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா? தினம் அவ வாசல்ல உக்காந்து பூ கட்டுத. ஒரே தண்ணிக் குழாயில பிடிக்குத.”

அரிசி மேலே போனது, கீழே வந்தது. தவிடு பறந்தது.

காலையில் நின்ற கரண்டி இப்போதுதான் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

* * *

வெயில் சந்தின் ஒரு சுவரை விட்டு இறங்கியிருந்தது. ஹபீபா படியில் உட்கார்ந்து குர்தாவை மடித்துக்கொண்டிருந்தாள். வானமாமலை அவள் முன்னால் நின்றான்.

“லைன வெட்டினது நான்தான், ஹபீபா.”

அவள் நிமிர்ந்தாள்.

“என் லைன மட்டும் நிறுத்தப் போனேன். மூணும் எம்பேர்ல இருக்குன்னு தெரியாது. நம்பர் கேட்டா, சொல்லிட்டேன். ஒன் லைனும் சேந்து போயிட்டு.”

ஹபீபா குர்தாவை மடியில் வைத்தாள். உள்ளே ஜெயினுலாப்தீன் இருமினார்.

“மாரி இப்பம் ஓடுனானே, அதுக்குத்தானா?”

“ஆமா.”

“அப்போ ஒங்க பேருன்னு அவன் சொன்னது ஒங்களுக்கே தெரியாது.”

“தெரியாது.”

“நல்லா இருக்கு.” அவள் சிரித்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை. “முகத்த இப்படி வச்சுக்கிட்டு என் முன்னால நிக்காதீய அண்ணாச்சி. ஒங்களுக்கு நான் ஆறுதல் சொல்லணுமாக்கும்? நாளைக்கு அந்த ஷார்ஜாக்காரன் கூப்பிடுவான். எனக்கு லைன் வேணும். ஒங்க வீட்டு லைனத் தாங்க.”

சாதனாவின் கம்பெனி அது கூடாதென்றுதான் முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தது. வேலை லைனில் வெளியாள் ஏறக்கூடாது, ஏறினால் தெரியும், தெரிந்தால் வேலை இல்லை. மேலே மகளுடைய குரல் யாருக்கோ பொறுமைக்கு நன்றி சொன்னது. இந்த லேப்டாப்பின் பாதி இவளுடைய துட்டு. அது தொண்டை வரைக்கும் வந்தது. வானமாமலை எச்சிலை விழுங்கினான். அதுவும் உள்ளே போய்விட்டது.

சட்டைப் பையில் போன் கிணுங்கியது. எடுத்தான். ஒரு நம்பர் வந்திருந்தது. அவன் எந்த நம்பரும் கேட்டிருக்கவில்லை. யாரோ எதற்கோ கேட்டு, அவன் போனுக்கு வந்திருந்தது. வாசித்து முடிப்பதற்குள் மாரியின் பேர் திரையில் மின்னியது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஹபீபா போனைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

அது அடித்து ஓயும் வரை அவன் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு, உள்ளே முறத்தோடு இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான்.

“ஒனக்கு ஏழு மாச லைன் பாக்கி, ஹபீபா. மாரி இல்ல. நான்தான் தரணும்.”